உட்கார்ந்தால் 130, எழுந்து நின்றால் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 72. பத்து வருடமாக பிபிக்கு ஆம்லோடிபின் 5 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சாப்பிடுகிறேன். ப்ராஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு மாதமாக டாம்சுலோசின் 0.4 மி.கி.யும் படுக்கப்போகும் நேரத்தில் போட்டுக்கொள்கிறேன். ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. போன வாரம் சுவரைப் பிடிக்காமல் இருந்திருந்தால் விழுந்திருப்பேன். பிபி எப்போது பார்த்தாலும் 130/80தான். இது காது நரம்புக் கோளாறா? பிபி மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா டாக்டர்?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம் ஐயா. காதுக் கோளாறாகவும் தெரியவில்லை. உள்காதில் பிரச்சினை என்றால் படுத்தபடியே புரண்டாலும் தலையை நிமிர்த்தினாலும் அறையே சுழல்வது போல இருக்கும். உங்களுக்கு எழும்போது மட்டும்தான் வருகிறது, அதுவும் சுழலாமல் கண் இருட்டுகிறது. நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றே தோன்றுகிறது. உங்கள் 130/80 உட்கார்ந்து பார்த்த அளவு. நின்று பார்த்தால்தான் விஷயம் வெளிப்படும்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதைச் சில நொடிகளில் கண்டுகொண்டு, ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். வயதானால் இந்த ஏற்பாடு மந்தமாகிறது. டாம்சுலோசின் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதோடு ரத்தக் குழாய்களையும் கொஞ்சம் தளர்த்திவிடும். ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் உப்பையும் நீரையும் குறைக்கும். ஆம்லோடிபினும் குழாய்களை விரிக்கும் மருந்துதான். மூன்றும் ஒரே திசையில் இழுக்கின்றன.

டாம்சுலோசின் போடும் நேரமும் முக்கியம். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுமார் அரை மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய மருந்து அது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக ஏறும், கிறுகிறுப்பும் கூடும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடுகிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். சில நாள் விட்டுப்போனால் நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். மறுபடி தொடங்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். (கண்புரை அறுவை செய்வதாக இருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்திவிட்டால்கூடச் சொல்ல வேண்டும்.) ஹைட்ரோகுளோரோதயசைடு காலையில்தான் போட வேண்டும். மாலையில் போட்டால் ராத்திரி எழும் தடவை கூடும்.

வீட்டில் கருவி இருந்தால் இப்படிப் பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு. பட்டையைக் கழற்றாமல் எழுந்து நின்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டி, இறக்கத்தையே மறைத்துவிடும். பலரும் செய்யும் தவறு இது. கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மீதோ அலமாரி மீதோ வைத்துக்கொள்ளுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் சந்தேகம் உறுதி. நாடித்துடிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்; அழுத்தம் இறங்கியும் துடிப்பு ஏறவில்லை என்றால் நரம்புப் பக்கம் யோசிக்க வேண்டியிருக்கும். காலையில் எழுந்ததும் ஒரு முறை, பெரிய சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரு முறை என்று மூன்று நாள் எழுதி வாருங்கள். எண்கள் சரியாகவே இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். எழுந்த முதல் கால் நிமிடத்தில் இறங்கி ஏறிவிடும் அழுத்தத்தை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது.

அந்தக் குறிப்போடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மருந்தின் அளவைக் குறைப்பதிலோ மாற்றுவதிலோ தீர்ந்துவிடும். சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. நீங்களாக பிபி மாத்திரையை நிறுத்தினால் பக்கவாத ஆபத்து. ப்ராஸ்டேட் மாத்திரையை நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம்.

அதுவரை ராத்திரி எழும்போது அவசரம் கூடாது. படுத்தபடியே பாதங்களை மேலும் கீழுமாக இருபது முறை அசையுங்கள். பிறகு கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் பட, இரண்டு நிமிடம் உட்காருங்கள். எழுந்து நின்றதும் தொடையையும் பின்புறத் தசைகளையும் இறுக்கி, பத்து வரை எண்ணிவிட்டு நடங்கள். கண் இருட்டினால் நடந்து சமாளிக்கப் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். சிறுநீரை உட்கார்ந்தே கழியுங்கள். அல்லது கட்டிலருகே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளலாம். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை, இடுப்பெலும்பு முறிவைவிட இது எவ்வளவோ மேல்.

ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பகலில் காலில் தேங்கும் அந்த நீர்தான் படுத்ததும் ரத்தத்தில் திரும்பி ராத்திரி சிறுநீராக வருகிறது. மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால் எழும் தடவையே குறையும். ராத்திரி எழ வேண்டுமே என்று பகலில் தண்ணீரைக் குறைத்தால் கிறுகிறுப்பு மோசமாகும். பகலில் தாராளமாகக் குடித்து, படுக்க மூன்று மணி நேரம் முன்பிருந்து குறையுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அதை மீறக் கூடாது. உப்பைக் கூட்டும் யோசனையை யாராவது சொன்னால், உங்களுக்கு பிபி இருப்பதால் கேட்க வேண்டாம்.

நினைவு தப்பினாலோ, நெஞ்சு வலி, படபடப்பு, கறுத்த மலம், வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இவற்றில் ஏதாவது வந்தாலோ இந்த மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.