பக்கத்து வீட்டுக்காரர் மேல் ரிட் போடலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் எங்களுக்குச் சொந்த வீடு. 1988இல் என் கணவர் கட்டியது. 2005இல் மாடி எடுத்தோம். இப்போது மாடியை ஒரு தையல் யூனிட்டுக்கு விட்டிருக்கிறேன்; அந்த வாடகையில்தான் என் ஜீவனம். பக்கத்து வீட்டுக்காரர் 30 வருஷப் பழக்கம். பழைய வீட்டை இடித்துவிட்டு கீழே கார் நிறுத்த ஸ்டில்ட்டும் மேலே மூன்று தளமும் கட்டுகிறார். சைட்டில் மாட்டியிருக்கும் பிளானில் எங்கள் பக்கம் ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்றிருக்கிறது. விட்டிருப்பது இரண்டடி. எங்கள் சமையலறையில் பகலிலேயே லைட் போட வேண்டியிருக்கிறது. கேட்கப் போனால், "உன்னால ஆனதைப் பார்த்துக்கோ" என்று ஒருமையில் பேசுகிறார். அவர் பெண் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எங்கள் மாடியில்தான் தங்கினார்கள். கவுன்சிலர், மாமன்றத்தில் தீர்மானம் போட்டு இடிக்க வைப்பதாகச் சொல்கிறார். மருமகன் ஹைகோர்ட்டில் ரிட் (அதிகாரிகளை நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவு கேட்கும் மனு) போடச் சொல்கிறார். போட்டோ அனுப்பியிருக்கிறேன். எது சரி?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான். "2005இல் மாடி எடுத்தோம்." அந்த மாடிக்கு அப்ரூவல் வாங்கினீர்களா? வாங்கியதாக எங்கேயும் எழுதவில்லை. கையில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள்.

போட்டோவைப் பார்த்தேன். அவர் சுவரைக் காட்டத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் இடது ஓரத்தில் உங்கள் வீட்டு இரும்புப் படிக்கட்டும் விழுந்திருக்கிறது. படிக்கட்டின் கைப்பிடிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மேலே ஜன்னலோரம் தையல் மிஷின்கள் வரிசையாகத் தெரிகின்றன. எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்த ஒரு படம் போதும்.

ஒருமையில் பேசியதும் கல்யாணக் கதையும் மனசுக்குக் கஷ்டம்தான். கோர்ட்டில் அதற்கு ஒரு நிமிஷம்கூட ஒதுக்க மாட்டார்கள். விட்டுவிடுங்கள்.

கவுன்சிலர் சொன்னதையும் இத்தோடு முடித்துவிடலாம். சென்னை மாமன்றத்தில் 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். ரோடு, விளக்கு, குப்பை, வரி என்று அவர்கள் தீர்மானிக்க எவ்வளவோ இருக்கிறது. பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பது அதில் வராது. அது மாநில அரசு 2019இல் கொண்டுவந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இருக்கிறது. எந்தத் தெரு குடியிருப்பு, எது வணிகம் என்பது 2008இல் அமலுக்கு வந்த இரண்டாவது மாஸ்டர் பிளானில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு (சி.எம்.டி.ஏ.) போக வேண்டும். விதி மீறினால் நோட்டீஸ் கொடுப்பது அதிகாரிகளின் வேலை, 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி. கவுன்சிலர் ஒரு போன் போட்டால் பொறியாளர் சீக்கிரம் வந்து பார்ப்பார், அந்த உதவி உண்டு. தீர்மானம் போட்டு ஒரு வீட்டை இடிக்க முடியாது. அதை நம்பி ஒரு மாசம் காத்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு தளம் கான்கிரீட் போட்டுவிடுவார்.

இனி ரிட். மருமகன் சொல்வது சட்டப்படி தப்பில்லை. புகார் கொடுத்தும் மாநகராட்சி அசையவில்லை என்றால் ஹைகோர்ட் கேள்வி கேட்கும். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

சில வருஷம் முன்னால் வட சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டில் அனுமதியில்லாமல் மூன்றாவது மாடி எழுப்பியதற்காக, வேறொரு வக்கீல் மூலம் ரிட் போட்டிருந்தார். கோர்ட் நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. டேப்போடு வந்த பொறியாளர் முதலில் பக்கத்து வீட்டை அளந்தார். அப்புறம் இவர் வீட்டையும் அளந்தார். காரணம், எதிர்த்தரப்பு போட்ட பதில் மனுவில் இவர் வீட்டின் இரண்டாவது மாடி போட்டோவோடு இருந்தது. இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பணம் இருந்தது; மீறிய பகுதியை உடைத்துவிட்டு, திருத்திய பிளான் போட்டு மீதியைக் காப்பாற்றிக்கொண்டார். நம்மவரின் இரண்டாவது மாடிக்கு சீல் விழுந்தது. அதில் குடியிருந்தது அவருடைய மகன் குடும்பம். ஸ்கூல் பை, சிலிண்டர், பீரோ என்று படியிறக்கிய அன்றைக்குத்தான் என்னைத் தேடி வந்தார். "கேஸை வாபஸ் வாங்கிடறேன் சார்" என்றார். வழக்கை வாபஸ் வாங்கலாம். அதற்குள் கிளம்பிவிட்ட நோட்டீஸ் வாபஸ் ஆகாது. கோர்ட் ஒரு மீறலைக் கண்ணால் பார்த்துவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டீர்கள் என்பதற்காக அதை மறந்துவிடாது.

இது அபூர்வமான கதை என்று நினைக்காதீர்கள். செட்பேக் (வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலியிடம்) தகராறு என்று வருகிற பத்துப் பேரிடம் அவரவர் வீட்டு பிளானைக் கேட்டால், பாதிப் பேர் பேச்சை மாற்றுகிறார்கள்.

"20 வருஷமாகச் சொத்து வரி கட்டுகிறேன், இ.பி. கனெக்ஷன் இருக்கிறது" என்பீர்கள். வரி ரசீது, வரி கட்டியதற்குத்தான் அத்தாட்சி. கட்டடத்துக்கு அது அனுமதி ஆகாது. "இத்தனை வருஷம் யாரும் கேட்கவில்லையே" என்பதும் எடுபடாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரப் பிரதேச வழக்கில் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது: காலதாமதமோ, அதிகாரிகள் சும்மா இருந்ததோ, போட்ட பணமோ விதிமீறலை நியாயமாக்காது. உங்கள் மருமகன் அதே தீர்ப்பைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகக் காட்டலாம் என்று நினைப்பார். அது உங்கள் மாடிக்கும் பொருந்தும்.

ஒரு சின்ன வழி இருக்கலாம். 2007 ஜூலை 1க்கு முன் கட்டிய கட்டடங்களை வரன்முறை செய்ய, அதாவது விதிமீறலைப் பின்னால் சட்டபூர்வமாக்க, அந்த 1971 சட்டத்தில் 113-சி என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். 2017இல் அதற்கு விண்ணப்பம் வாங்கினார்கள். உங்கள் கணவரோ பிள்ளைகளோ அப்போது விண்ணப்பித்தார்களா? பீரோவில் அந்த ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். இல்லையென்றால் அந்தத் திட்டத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

தையல் யூனிட் தனிப் பிரச்சினை. அனுமதி குடியிருப்புக்கு, ஓடுவது தொழில். மிஷின்கள் வீட்டு மின் இணைப்பில் ஓடினால் அது இன்னொரு புகார். உங்களுக்கு வருமானம் அது ஒன்றுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரிட் போட்டு முதலில் பறிபோகப் போவது அதுதான். அவருக்குப் போனால் ஒரு அறையில் மூன்றடி போகும். உங்களுக்குப் போனால் சாப்பாடு போகும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை அம்மா.

ஒருவேளை உங்கள் மேல் ஏற்கெனவே புகார் போய் நோட்டீஸ் வந்தால், வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், நாள் ஓட ஆரம்பித்துவிடும். கையில் கிடைத்த 30 நாளுக்குள் அதே 1971 சட்டத்தின் 80-ஏ பிரிவில் அரசின் வீட்டுவசதித் துறைக்கு மனு போட வேண்டும். மனு போட்டதே தடையாணை என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு. தடை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அவர் சுவரோ, அஸ்திவாரமோ, சன்ஷேடோ உங்கள் எல்லைக்குள் ஓர் அங்குலமாவது வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது வேறு கதை. செட்பேக் என்பது அவருக்கும் மாநகராட்சிக்கும் உள்ள கணக்கு. எல்லை தாண்டினால் உங்கள் சொத்தில் கை வைத்ததாகிறது. அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது, உங்கள் மாடிக்கு அப்ரூவல் இல்லை என்பது அங்கே அவருக்குப் பெரிதாக உதவாது. அதனால் தாலுகா அலுவலகத்தில் பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். கண்ணளவு வேண்டாம்.

எல்லைக்குள் வரவில்லை என்றால் என் யோசனை: பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இப்போதே. கட்டடம் பூச்சு காணாமல் நிற்கும்வரைதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தால் சென்ட்ரிங் வாடகை, ஆள் கூலி, பேங்க் வட்டி எல்லாம் அவர் தலையில் ஏறும். அது அவருக்குத் தெரியும். குடிவந்த பிறகு அந்தப் பயம் போய்விடும். "நொய்டாவில் இரட்டைக் கோபுரத்தையே இடித்தார்களே" என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அலகாபாத் ஹைகோர்ட் இடிக்கச் சொன்னது 2014இல். இடிந்தது 2022 ஆகஸ்டில். உத்தரவுக்குப் பிறகும் எட்டு வருஷம் ஆனது.

நீங்கள் நேரில் போக வேண்டாம், மருமகனும் வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒரு பெரியவரையும் ஒரு சிவில் இன்ஜினியரையும் அனுப்புங்கள். உங்கள் பக்கம் நீட்டிய சன்ஷேடை வெட்டச் சொல்லுங்கள். சமையலறைக்கு நேரே வரும் இடத்தில் சுவருக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், வெளிச்சத்தில் நல்ல வித்தியாசம் தெரியும். ஏ.சி. அவுட்டோர் யூனிட் உங்கள் பக்கம் கூடாது, மழைத்தண்ணீர்க் குழாய் அவர் இடத்திலேயே இறங்க வேண்டும், பைலிங்கில் உங்கள் சுவர் விரிசல் விட்டிருந்தால் இன்ஜினியர் எஸ்டிமேட்படி அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

எழுதும்போது இரண்டு இடத்தில் ஜாக்கிரதை. "செட்பேக் மீறலுக்கு எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி சேர்க்கப் பார்ப்பார்கள். போடாதீர்கள். அந்த வரி மாநகராட்சியைக் கட்டுப்படுத்தாது, நாளைக்கு உங்களை மட்டும் கட்டிப்போடும். இரண்டாவது, பணம். புகாரை வாபஸ் வாங்க ஒரு தொகை என்று யார் ஆசை காட்டினாலும் தொடாதீர்கள். அப்படி வாங்கியவர் மேல், மிரட்டிப் பணம் பறித்ததாகப் போலீஸில் புகார் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். போன் உரையாடலை முதல் நாளிலிருந்தே ரெக்கார்ட் செய்து வைத்திருந்தார்கள். விரிசலுக்கான செலவை மட்டும், எஸ்டிமேட்டைக் காட்டி, செக்காக வாங்குங்கள்.

இதற்கிடையில் அந்த இரும்புப் படிக்கட்டை வாசல் பக்கம் மாற்ற முடியுமா என்று அதே இன்ஜினியரிடம் கேளுங்கள். 1988 பிளானையும், 113-சி சீட்டு கிடைத்தால் அதையும், சர்வேயர் அளந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். அதுவரை மருமகனை எந்த வக்காலத்திலும் உங்களிடம் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.