படுதா தொய்யாமல் நிற்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை, மூன்று துணி தொய்வதைப் பற்றியவை, ஒன்று சரியாக ஏறாத சுருள் திரையைப் பற்றியது. இதில் வியப்பில்லை. மலைத்தொடரில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் காற்று நுழைகிறது, நம் ஊர்கள் அந்த இடைவெளியின் வாசற்படியில்தான் இருக்கின்றன. செங்கோட்டையில் இருபது வருடமாக ஷட்டரும் படுதாவும் மாட்டிக் கொடுத்துவரும் அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கடை முன்னால் 10 அடி அகலத்துக்கு, ஆறரை அடி வெளியே வருகிற மாதிரி தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். ஆனி பிறந்தால் மேல்காற்று தூக்கித் தூக்கி அடிக்கிறது, சாரல் விழுந்தால் நடுவில் தண்ணீர் தேங்குகிறது, வருடா வருடம் ஓரத்து வளையங்கள் கிழிகின்றன. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இரண்டு நாளில் தொய்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
மளிகைக் கடைக்காரர், புளியரை

அண்ணாச்சி, இறுக்கிக் கட்டுவதில்தான் கோளாறே இருக்கிறது. இறுக்கிக் கட்டுவது வேறு, இழுத்துக்கொண்டே இருப்பது வேறு. கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு நீங்கள் உள்ளே போனதும் அந்த இழுவை குறைய ஆரம்பித்துவிடும். நைலான் கயிறு நனைந்தால் கொஞ்சம் நீளும், பிளாஸ்டிக் பூசிய துணி வெயிலில் இளகும், முடிச்சும் நெகிழும். தொய்வது தொய்ந்துகொண்டே இருக்கும்போது, அதைத் தொடர்ந்து பின்னாலேயே போய் இழுக்க ஏதாவது ஒன்று வேண்டும். அது ஸ்பிரிங்காக இருக்கலாம், தொங்கும் எடையாக இருக்கலாம். பெரும்பாலான சுருள் திரைகளையும், ஆனிங் எனப்படும் கடை முன் விரிந்து மடங்கும் துணிக் கூரைகளையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இந்த இரண்டில் ஒன்றுதான் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், இது தெரியாமல் நானே பட்டிருக்கிறேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோ அழுத்தம் வரும். உங்கள் தார்ப்பாய் 6 சதுர மீட்டர், ஆக மொத்தம் 45 கிலோ. இது பெரிய எடை இல்லைதான், ஆனால் துணி கிட்டத்தட்ட நேர்க்கோடாக, 3 சென்டிமீட்டர் மட்டுமே வளையும் அளவுக்கு விறைப்பாக இருந்தால், அந்த 45 கிலோவைத் தாங்க இரண்டு முனையிலும் 375 கிலோ இழுவை தேவைப்படும். அதே துணி 20 சென்டிமீட்டர் வளைய இடம் கொடுத்தால் 56 கிலோ போதும். துணி உலர்த்தும் கொடியை விறைப்பாகக் கட்டி ஒரே ஒரு ஈர வேட்டியைப் போட்டதும் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டீக்கடைக்கு நான்கு மூலையிலும் டர்ன் பக்கிள், அதாவது முறுக்கினால் கயிற்றை இறுக்கும் இரும்புத் திருகு, போட்டு, தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும்வரை முறுக்கிக் கொடுத்தேன். அந்த ஆடியிலேயே ஒரு ராத்திரி கொக்கியோடு சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. கீழே பெஞ்சில் யாரும் படுத்திருக்கவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறுதல்.

சரி, செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். முதலில் ஓரத்து வளையங்களை மறந்துவிடுங்கள். வளையத்தில் கயிறு கட்டினால் மொத்த இழுவையும் நான்கைந்து புள்ளிகளில் போய் நிற்கும், அதனால்தான் கிழிகிறது. முன் விளிம்பை மடித்து உறை போலத் தைத்து, அதற்குள் ஒரு ஜி.ஐ. பைப்பை நுழையுங்கள், இழுவை முழு அகலத்துக்கும் பரவும். சுவர்ப் பக்கமும் அப்படியே, முடிந்தால் அந்தப் பைப் சுழலும்படி இருக்கட்டும், வேண்டாத நேரத்தில் சுருட்டிவிடலாம். அப்புறம் முன் பைப்பின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, முன்னால் நிற்கிற தூண்களின் தலையில் ஆளுக்கொரு கப்பி மாட்டி, கயிற்றை அதன் மேல் கொண்டுபோய்க் கீழே எடையைத் தொங்கவிடுங்கள். 10 லிட்டர் பெயின்ட் வாளி நிறைய கான்கிரீட் போட்டால் கிட்டத்தட்ட 24 கிலோ வரும், பக்கத்துக்கு ஒன்று போதும். காற்று துணியை உப்ப வைக்கும்போது வாளி மேலே ஏறும், காற்று விட்டதும் இறங்கித் துணியைப் பழையபடி இழுத்து நிறுத்தும். தார்ப்பாய் எவ்வளவு நீண்டாலும், கயிறு எவ்வளவு நெகிழ்ந்தாலும் இழுவை மட்டும் அதே 24 கிலோதான், கிணற்றுக் கப்பியில் தொங்கும் வாளி எந்த உயரத்தில் நின்றாலும் கைக்கு ஒரே கனமாக இருப்பதைப் போல. தொங்கும் எடையை அகலமான பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுவிடுங்கள், கடைக்கு வரும் பிள்ளைகள் தலையில் ஆடி இடிக்கக் கூடாது. தரைக்கு ஒரு சாண் மேலேயே எடை நிற்கும்படி ஒரு தடுப்புக் கயிறும் அவசியம்.

எடை தொங்கவிட இடம் இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் நல்ல இழுவை ஸ்பிரிங் இரண்டு வாங்கிக் கயிற்றுக்கு நடுவில் கோத்துவிடலாம். ஆனால் ஸ்பிரிங் இழுக்க இழுக்கக் கனம் கூடும், விட விடக் குறையும், எடை மாதிரி ஒரே சீராக இருக்காது. அதனால் மாட்டும்போதே பாதி நீளத்துக்கு இழுத்து மாட்டுங்கள், அப்போதுதான் துணி கொஞ்சம் தளர்ந்தாலும் ஸ்பிரிங்கில் மிச்ச இழுவை இருக்கும்.

தண்ணீர் தேங்குவதற்கு இழுவையைவிடச் சரிவுதான் மருந்து. ஆறரை அடி நீளத்துக்கு முன்பக்கம் குறைந்தது ஒன்றரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. ஒரு சதுர மீட்டரில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 10 கிலோ, அந்த 10 கிலோ பள்ளத்தை ஆழமாக்கும், ஆழமான பள்ளத்தில் இன்னும் தண்ணீர் சேரும், அது தானாக வளர்ந்துகொண்டே போகும். இத்தனையும் செய்த பிறகும், ஆடி மாதத்தில் மரக்கிளை முறிகிற காற்று அடிக்கிற நாளில் தயவுசெய்து சுருட்டி வைத்துவிடுங்கள்.

எங்கள் வீடு செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் கட்டியது. மாடி ஜன்னலில் தாத்தா வாங்கி மாட்டிய சுருள் திரை இருக்கிறது, மர உருளை, உள்ளே ஸ்பிரிங் இருப்பதாகச் சொல்கிறார்கள். இழுத்தால் இறங்குகிறது, ஆனால் திரும்பப் பாதிதான் ஏறுகிறது, சில நேரம் எங்கே விட்டாலும் நிற்பதில்லை. கழற்றிப் போட மனசு வரவில்லை.
வாசகி, செங்கோட்டை

கழற்றிப் போடாதீர்கள் அம்மா. செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து நம் பக்கம் சேர்ந்த 1956க்கு முந்தைய பொருள் இன்னும் பாதி ஏறுகிறது என்றாலே அதன் ஸ்பிரிங்குக்கு உயிர் இருக்கிறது. இந்த வகை உருளைக்கு ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் என்ற அமெரிக்கர் 1864ல் காப்புரிமை வாங்கினார், கயிறே இல்லாமல் எந்த உயரத்திலும் நிற்கிற திரை அதன் பிறகுதான் வீடுகளில் பரவியது. அதன் சூட்சுமம் எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உருளையின் ஒரு முனையில் உருண்டை ஊசி, மறு முனையில் தட்டை ஊசி. தட்டை ஊசி பிளவு போட்ட பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், அது சுழலாது. உள்ளேயிருக்கும் நீண்ட ஸ்பிரிங்கின் ஒரு நுனி அந்தச் சுழலாத தண்டிலும் இன்னொரு நுனி மரத்திலும் பிடித்திருக்கும். நீங்கள் திரையை இழுக்கும்போது மரம் சுற்றும், ஸ்பிரிங் முறுக்கேறும். தட்டை ஊசிப் பக்கம் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது, உருளை மெதுவாகத் திரும்பும்போது அது தன் கனத்தால் சுழலாத தண்டில் உள்ள பல்லில் விழுந்து உருளையை நிறுத்திவிடும். ஒரு சுண்டு சுண்டி வேகமாக விட்டால், சுழலும் வேகத்தில் நாக்கு வெளிப்பக்கம் ஒதுங்கிப் பல்லில் விழாமல் போய்விடும், திரை ஏறிவிடும். பாதியில் நிறுத்தக் கையால் வேகத்தைக் குறைத்தால் போதும்.

உங்கள் திரை பாதி ஏறுவதற்குக் காரணம் முறுக்குப் போதாதது. திரையைப் பாதி வரை இழுத்து, நாக்கு பிடித்து நிற்கும் நிலையில் உருளையைப் பிராக்கெட்டிலிருந்து தூக்கி எடுங்கள். துணியைக் கையாலேயே முழுக்கச் சுருட்டி மறுபடி மாட்டுங்கள், அத்தனை சுற்று முறுக்குக் கூடியிருக்கும். போதவில்லையென்றால் இன்னொரு தடவை. மேலே போய்ப் படாரென்று மோதினால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், முழுக்கச் சுருண்ட நிலையில் எடுத்து இரண்டு சுற்று கையால் பிரித்துவிட்டு மாட்டுங்கள். நிற்காமல் ஓடுவதற்கு அநேகமாக நாக்கில் படிந்த தூசியும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம், மண்ணெண்ணெயில் பிரஷைத் தோய்த்துச் சுத்தம் செய்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முறுக்கேறிய உருளையைக் கையில் வைத்திருக்கும்போது தட்டை ஊசியில் மட்டும் விரல் வைக்காதீர்கள், நாக்கு நழுவினால் அது பம்பரமாகச் சுற்றிக் காயப்படுத்தும்.

முதலமடையில் மாங்காய் மண்டிக்கு முன்னால் கைப்பிடி சுற்றித் திறக்கிற ஆனிங் மாட்டினோம். இரண்டு கை மடங்கி விரிகிற வகை. முழுக்கத் திறந்தால் துணி தொளதொளவென்று தொங்குகிறது. ஸ்பிரிங் போய்விட்டதா?
வியாபாரி, முதலமடை

போயிருக்காது என்று நினைக்கிறேன். அந்தக் கைகளுக்குள் பலமான ஸ்பிரிங் இருக்கிறது, முழங்கை மாதிரி மடங்கும் இடத்தில் ஒரு சங்கிலியோ பட்டையோ அந்த இழுவையைக் கடத்தி, கையை எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. துணி அதை உள்ளே பிடித்திருக்கிறது, உருளையைக் கியர் பூட்டியிருக்கிறது. அதனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் துணி விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கை முழுக்க நீண்ட பிறகும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போகிறோம், துணி மட்டும் வெளியே வந்து தொங்குகிறது, இன்னும் சுற்றினால் உருளையில் தலைகீழாகவே சுருள ஆரம்பித்துவிடும். திருப்பிச் சுற்றுங்கள், துணி விறைக்கிற இடத்தில் நிறுத்தி, துணி ஓரத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இனி அந்தக் கோடு தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்திவிடுங்கள். அப்படியும் ஒரு கை மட்டும் பின்தங்கினால்தான் ஸ்பிரிங்கையோ சங்கிலியையோ சந்தேகப்பட வேண்டும். அதை நீங்களாகப் பிரிக்க வேண்டாம், உள்ளே அடைபட்டிருக்கும் இழுவை ஆளைத் தூக்கி எறியும்.

இன்னொன்று முக்கியம். ஆனிங்குகளுக்கான ஐரோப்பாவின் இ.என். 13561 தரம், காற்றைத் தாங்கும் அளவில் இரண்டாம் வகுப்பு ஆனிங்குகள் மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் காற்று வரைதான் திறந்திருக்கலாம் என்கிறது. நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று, மார்கழி தையில் கிழக்கிலிருந்து காற்று. மண்டி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பருவத்தில் ஆள் இல்லாத நேரம் ஆனிங் மூடியே இருக்கட்டும். நனைந்த துணியைச் சுருட்ட நேர்ந்தால் மறுநாள் வெயிலில் திறந்து காய விடுங்கள், பூஞ்சை பிடித்த துணி தையல் ஓரத்தில் முதலில் விட்டுப்போகும்.

குமுளியில் விருந்தினர் வீடு நடத்துகிறோம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே படுக்கைவசமாக ஓடும் திரை மாட்டினோம். ஜன்னல் திரை மாதிரியே உருளை வாங்கிப் பொருத்தியும் நடுவில் தொங்குகிறது.
வாசகர், குமுளி

ஜன்னலில் கீழ்ப்பட்டையின் கனம் துணியை இழுத்துப் பிடிக்கிறது, கூரையில் அந்தக் கனம் எந்தப் பக்கமும் இழுக்காது. ஒரு முனையில் துணி சுருளும் உருளை, எதிர் முனையில் அதற்கு எதிராக இழுக்கும் நாடாவோ கம்பிக் கயிறோ சுருளும் இன்னொரு உருளை, இப்படி இரண்டு பக்கமும் இழுவை வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. 40 மில்லிமீட்டர் உருளையில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள துணி 3 மீட்டர் சுற்றினால், முதல் சுற்றுக்கு 12.6 சென்டிமீட்டர் துணி போகும், கடைசிச் சுற்றுக்கு 18.6 சென்டிமீட்டர் போகும். சுருள் பருக்கப் பருக்க எதிர்ப்பக்கத்தின் கணக்கு உதைக்கும், ஒரு இடத்தில் தொய்யும், ஒரு இடத்தில் தெறிக்கும். அந்த வித்தியாசத்தை விழுங்க எதிர் உருளைக்குள் ஒரு ஸ்பிரிங் இருந்தே ஆக வேண்டும். கடையில் கேட்கும்போது கூரைத் திரை, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இழுவை உள்ளது என்று சொல்லிக் கேளுங்கள். உங்கள் இடைவெளி 3 மீட்டருக்கு மேல் என்றால், நடுவில் குறுக்காக இரண்டு எஃகுக் கம்பிகளைத் துணிக்கு அடியில் ஓட விடச் சொல்லுங்கள், துணி அதன் மேல் வழுக்கிப் போகும்.