எக்ஸ்ரே நார்மல் என்றால் நெஞ்சும் நார்மலா?

பைக் விபத்தில் தம்பிக்குத் தொடை எலும்பு முறிவு. நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். பிறகு எதற்கு நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன்? காசு பிடுங்கவா? – காரைக்குடி

இல்லை. அடிபட்டவரைப் படுக்க வைத்துத்தான் எக்ஸ்ரே எடுக்கிறோம். நுரையீரலிலிருந்து கசிந்த காற்று முன்பக்கம் ஏறிக்கொள்ளும், ரத்தம் முதுகுப்பக்கம் பரவிவிடும். இரண்டும் படத்தில் தப்பிவிடும். விலா முறிவிலும் பாதிக்குப் பாதி தெரியாது. தொடையை முறித்த வேகம் நெஞ்சை மட்டும் விட்டுவைக்குமா? ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்து வெண்டிலேட்டரில் போட்டால், அந்தச் சின்னக் காற்று பெரிதாகலாம். காசு பற்றிக் கவலை என்றால், சாலை விபத்துச் சிகிச்சைக்கான தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று முதலில் கேளுங்கள்.

அண்ணனுக்கு பிபி 80. ஸ்கேன் எடுக்காமலே நெஞ்சில் டியூப் போட்டார்கள். சரியா? – தேவகோட்டை

மிகச் சரி. நெஞ்சுக்குள் காற்று அடைத்து இதயத்தை நெருக்குகிறது என்பதைக் கையும் காதும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். பிபி நிற்காதவருக்கு ஸ்கேன் அறையில் வேலையில்லை. இதை எத்தனை தடவை எழுதுவது!

காரைக்குடியில் நெஞ்சு ஸ்கேன் எடுத்தோம். மதுரை போனதும் மறுபடி எடுத்தார்கள். இரட்டைச் செலவு நியாயமா? படம் அனுப்பியிருக்கிறேன். – பள்ளத்தூர்

நியாயமில்லைதான். ஆனால் மதுரைக்காரர்களைத் திட்டுமுன் நீங்கள் அனுப்பிய படத்தைப் பாருங்கள். டியூப்லைட்டுக்கு முன்னால் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்து செல்போனில் எடுத்தது. எனக்குத் தெரிவது டியூப்லைட்டும் உங்கள் கட்டைவிரலும்.

முதல் கோளாறு, அது ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் மருந்தை (கான்ட்ராஸ்ட்) ஊசியில் போடாமல் எடுத்த ஸ்கேன். ஓடுகிற வண்டி சட்டென்று நின்றால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி கிழிவது பெரும்பாலும் இடது கைக்கு ரத்தக்குழாய் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே. மருந்து ஏற்றாமல் அந்தக் கிழிசலை நம்பி ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. இரண்டாவது, டிஸ்க் வாங்காமல் போனது. ஃபிலிமில் இருபது முப்பது கட்டம்தான் இருக்கும். டிஸ்க்கில் நானூறு வெட்டுப் படமாவது இருக்கும். நெஞ்செலும்பு முறிவைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்க வேண்டும்; ஃபிலிமில் எங்கே போவது? ஜவுளிக்கடைப் பையில் நாலாக மடித்த ஃபிலிமும் ‘ரிப்போர்ட் நாளைக்கு’ என்ற சீட்டுமாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. டிஸ்க் கொடுப்பது ஸ்கேன் எடுத்தவர்கள் கடமை. நீங்களும் கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் மூன்றாவதில். மதுரைக்கு அனுப்புவது என்று முடிவான பிறகு எதற்கு இங்கே ஒரு மணி நேரம் ஸ்கேன்? வழியே ஒன்றரை மணி நேரம். மூச்சையும் பிபியையும் நிலைநிறுத்தி, வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

ஸ்கேன் எடுத்தால் கேன்சர் வருமாமே? – கோட்டையூர்

ஒரு நெஞ்சு ஸ்கேன் 5 முதல் 7 மில்லிசீவர்ட். சும்மா இருந்தாலே இரண்டு மூன்று வருஷத்தில் நமக்கு வருகிற கதிர்வீச்சு. பெரிய விபத்தில் அது கணக்கே இல்லை. ஆனால் முழங்கை சிராய்த்தவருக்கெல்லாம் தலை முதல் இடுப்புவரை எடுப்பது வீண். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், பலத்த அடிபட்ட சுமார் 1,100 பேரில் எடுத்தவுடன் முழு உடல் ஸ்கேன் செய்த பிரிவிலும், தேவையான இடத்தை மட்டும் எடுத்த பிரிவிலும் இறந்தவர் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கர்ப்பிணிக்கு எடுக்கலாமா? – புதுவயல்

அவசியமென்றால் தாராளமாக. நெஞ்சு ஸ்கேனில் குழந்தைக்குப் போகும் கதிர் மிகச் சொற்பம்.

மஞ்சுவிரட்டில் மாடு நெஞ்சில் குத்தியது. தையல் போட்டாச்சு. இரண்டு நாளாக மூச்சு வாங்குகிறது. அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்கலாமா? – திருப்பத்தூர்

எழுதிப்போட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற விஷயமா இது? இதைப் படிக்கும் நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கொம்புக் காயம் வெளியே ஒரு அங்குலம்தான் இருக்கும். உள்ளே நுரையீரல், உதரவிதானம் தாண்டி வயிறுவரை போயிருக்கலாம். நுரையீரல் கன்றிப்போயிருந்தால் அதுவும் ஒன்றிரண்டு நாளில்தான் முற்றும். அங்கேயும் முதலில் பிபி, பிறகுதான் ஸ்கேன்.

70 வயது அம்மா வளவுப் படியில் விழுந்தார். ஸ்கேனில் மூன்று விலா முறிவு. பெல்ட் கட்டலாமா? – கானாடுகாத்தான்

கூடாது. மூச்சு ஆழமாகப் போகாமல் சளி கட்டி நிமோனியா வரும். இந்த வயதில் மூன்று விலா என்றால் அட்மிஷன்தான். வலிக்கு மருந்தைத் தாராளமாகக் கொடுக்கச் சொல்லுங்கள், மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை மணிக்குப் பத்துத் தடவை பழகச் சொல்லுங்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பாதிப் பேர் ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.