பறப்பது நாலு மணி நேரம், பயணம் மட்டும் ஏன் பதினொன்று?

கேள்வி: இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே 2,700 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 3 மணி 52 நிமிடம் என்று ஒரு இணையதளம் காட்டுகிறது. டிக்கெட் போடப் போனால் 11 மணி நேரத்துக்குக் குறைந்து எதுவுமே இல்லை. எதை நம்பித் திட்டம் போடுவது?

பதில்: டிக்கெட்டைத்தான். அந்த இணையதளம் காட்டுவது வெறும் வகுத்தல் கணக்கு. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டு 2,700-ஐ வகுத்துப் பாருங்கள், சுமார் 3 மணி 22 நிமிடம் வரும், விமானம் மேலேறிக் கீழிறங்க அரை மணி நேரம் சேர்த்தால் அதே 3 மணி 52 நிமிடம். அந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானம் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

சிறு நிலையங்களுக்கு இடையே பெரும்பாலும் நேரடி விமானம் இருக்காது, தினமும் அத்தனை பேர் அங்கிருந்து இங்கே போவதில்லை, அவ்வளவுதான் காரணம். பெரிய நிலையத்துக்குப் போய் மாறித்தான் ஆக வேண்டும். ஓடுபாதை குட்டையாக இருந்தால் ஏடிஆர் 72 மாதிரி விசிறி வைத்த விமானம்தான் வரும், அது மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம், 2,700 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்கவும் அதனால் முடியாது. உங்கள் பயணத்தையே 550, 1,750, 900 என்று மூன்று துண்டாக எடுத்துக்கொள்வோம். இப்போதே தூரம் 3,200 ஆகிவிட்டது. முதல் துண்டுக்கு ஒன்றரை மணி, நடுவில் ஜெட் விமானத்தில் இரண்டே முக்கால், கடைசிக்கு இரண்டு, ஆக மொத்தம் 6 மணி 15 நிமிடம். இரண்டு இடத்தில் காத்திருப்பது நாலே முக்கால் மணி. சரியாக 11 வந்துவிட்டதா?

அட்டவணையில் போடும் நேரம் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். புறப்படும் நேரம், சேரும் நேரம் இரண்டும் அந்தந்த ஊர் மணி என்பதால், நேர மண்டலம் மாறினால் வெறுமனே கழித்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். மூன்று விமானத்தையும் ஒரே புக்கிங்கில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் அந்த டிக்கெட் பணம் போச்சு, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். ஒரே புக்கிங் என்றால் உங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. அன்றைய கடைசி விமானத்தை நம்பி இணைப்பு போடாமல் இருப்பதும் நல்லது.

கேள்வி: போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்று காட்டுகிறதே, தூரம் ஒன்றுதானே?

பதில்: காற்றுதான் காரணம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் இன்னும் பலமாகிவிடும். கிழக்கே போகிறவர்களை அது தள்ளிக்கொண்டு போகும், மேற்கே வருகிறவர்களை மறிக்கும். 2020 பிப்ரவரியில் இப்படி ஒரு காற்றில் சிக்கிய விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது, வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாட்டின் வான்வெளி மூடினாலும் சுற்றிப் போக வேண்டி வந்து நேரம் கூடும். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிறது.