மாங்காய் மண்டி பில்லிங் மென்பொருளுக்கு எந்த பக் டிராக்கர்?

வணக்கம். கிருஷ்ணகிரி மண்டிகளுக்கான உங்கள் திறமூல பில்லிங் மென்பொருளை மூன்று பேர் பார்க்கிறீர்கள்; நிரல் கோடு கிட்ஹப் தளத்தில் இருக்கிறது; பிழைகள் வாட்ஸ்அப்பில் வந்து காணாமல் போகின்றன. பிழைகளைப் பதிந்து பின்தொடரும் பக் டிராக்கரான பக்சில்லாவை 1 ஜிபி ரேம் உள்ள சர்வரில் போடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். பக்சில்லா நல்ல கருவிதான். ஆனால் பெர்ல் மொழி மாட்யூல்கள், டேட்டாபேஸ், மெயில் ஏற்பாடு, பேக்கப், பாதுகாப்பு அப்டேட் எல்லாம் உங்கள் தலையில் விழும். கிட்ஹப்பிலேயே உள்ள இஷ்யூஸ் பகுதி போதும்; அங்கே ஒவ்வொரு பிழையும் ஒரு இஷ்யூ, அதாவது தனிப் பதிவு.

உண்மையான சிக்கல் வேறு. கணக்கு இல்லாதவர் கிட்ஹப்பில் இஷ்யூ பதிய முடியாது. மண்டிக்காரரிடம் கணக்கு இருக்காது. எனவே வாரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று, வாட்ஸ்அப்பில் வந்ததை அன்றன்றே இஷ்யூவாக ஏற்றுங்கள். இஷ்யூ டெம்ப்ளேட்டில் (நிரப்பும் படிவத்தில்) நான்கு கட்டம் வையுங்கள்: பதிப்பு எண், என்ன செய்தார், என்ன வரவேண்டும், என்ன வந்தது. "பில் தப்பா வருது" என்று மட்டும் ஏற்றினால், பிழை எடைக் கழிவிலா கமிஷனிலா பைசா ரவுண்டிங்கிலா என்று யாருக்கும் தெரியாது. எடை, விலை, கழிவு மூன்றையும் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். ரெப்போ (கிட்ஹப்பில் உங்கள் கோடு இருக்கும் இடம்) பொதுவில் இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டில் விவசாயியின் பெயர், போன் எண், வங்கிக் கணக்கை மறைக்காமல் ஏற்றவே கூடாது.

பயனர்கள் மெயில் அனுப்புவார்கள் என்றால் கிட்ஹப் போன்ற கிட்லேப் தளத்தின் சர்வீஸ் டெஸ்க் பொருந்தும். மெயிலே இஷ்யூவாகும், கணக்கு தேவையில்லை, இயல்பாகவே ரகசியமாக இருக்கும். ஆனால் கிட்லேப்பை உங்கள் சர்வரில் நிறுவாதீர்கள். 1 ஜிபி தாங்காது.

சொந்த சர்வர்தான் என்றால் மேன்டிஸ் என்ற பக் டிராக்கரைப் போடுங்கள். பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் போதும்.

இஷ்யூக்களை வகை பிரிக்கும் லேபிள் இப்போதைக்கு மூன்று: பிழை, புது வசதி, விவரம் தேவை. சீசன் தொடங்கும் ஏப்ரலுக்கு முன்பே இந்த முறைக்கு மாறிவிடுங்கள்.