பேரப்பிள்ளைகளிடம் பழனி மொட்டை என்று சொல்லலாமா?

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் கீமோ ஆரம்பம். சிவப்பு ஊசியாம், 21 நாளுக்கு ஒருமுறை. முடி கொட்டிவிடும் என்கிறார்கள். மகன் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், பையனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு நாலு. என்னோடுதான் தூங்குவார்கள். பழனிக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டதாகச் சொல்லிவிடலாம் என்கிறான் மகன். சொல்லலாமா?

– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள அம்மா,

வேண்டாம். பழனி மொட்டை பிள்ளைகள் பார்த்துப் பழகிய விஷயம். தலையில் சந்தனம் எங்கே, பஞ்சாமிர்தம் எங்கே என்று பெரியவன் கேட்பான். அந்த மொட்டையில் மறுவாரமே முள்முள்ளாக முடி தட்டுப்படும். உங்களுக்கு மருந்து ஓடும் மாதங்களில் அப்படி முளைக்காது. புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம். எந்தச் சாமியும் புருவத்தைக் காணிக்கை கேட்பதில்லை என்பது ஏழு வயதுக்குத் தெரியும்.

சிவப்பு ஊசி என்பது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து. அதில் முடி கொட்டுவது அநேகமாக உறுதி. முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். அதற்குச் சற்று முன்பே தலைத்தோல் தொட்டால் வலிக்கலாம். ஆகவே பேச்சை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். நோயின் பேரைச் சொல்லுங்கள். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை தனக்குச் சளி பிடிக்கும்போது சின்னவள் தன் முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உங்கள் ஊரில் களைக்கொல்லி உவமைதான் சட்டென்று நாக்கில் வரும். தேயிலைக்கு நடுவில் களையை அழிப்பதுபோல என்று. தவிர்த்துவிடுங்கள். அது விஷம், கிட்டே போகாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பாட்டிக்கு ஏன் விஷம் ஏற்றுகிறார்கள் என்று பயந்துபோவார்கள். நேராகவே சொல்லலாம்: "பாட்டிக்குக் கேன்சர். அது வேகமா வளரும். வேகமா வளர்றதை எல்லாம் இந்த மருந்து நிறுத்திடும். முடியும் வேகமா வளருதில்ல, அதனால அதுவும் கொட்டும். மருந்து முடிஞ்சதும் திரும்ப முளைக்கும்." அவ்வளவு போதும். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள், பெரும்பாலும் சாப்பிடும்போது.

கேட்காத இரண்டு கேள்விக்கு நீங்களாகவே பதில் சொல்லுங்கள். நாலு வயதில், தான் அடம்பிடித்ததால்தான் பாட்டிக்கு இப்படி ஆனது என்று நினைப்பது சகஜம். "நீ செஞ்ச எதனாலயும் வரல." அடுத்தது தொற்று. "என் நோய் உனக்கு ஒட்டாது, உன் சளிதான் எனக்கு ஒட்டும்." இது நிஜம். ஊசி போட்டு ஏழு முதல் பதினாலு நாள் வாக்கில், ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறையும். அப்போது சளி, இருமல் உள்ள பிள்ளை வேறு அறையில் தூங்கட்டும். மற்ற நாளில் கட்டிப்பிடிக்கலாம், முத்தம் கொடுக்கலாம். உங்களுக்கு 38 டிகிரி (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் என்றால், மலையிறங்க விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

ஊசி போட்ட ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். பிள்ளைகள் பார்த்தால் ரத்தம் என்று அலறிவிடுவார்கள். மருந்தின் நிறம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த 48 மணி நேரமும் கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள்.

முதல் ஊசியிலிருந்து பத்து நாளுக்குள் முடியைக் குட்டையாக வெட்டிவிட்டால் கொத்துக்கொத்தாக உதிரும் காட்சி இருக்காது. டிரிம்மர் போதும், சவரக்கத்தி வேண்டாம், கீறினால் சீழ் பிடிக்கும். பெரியவன் ஆசைப்பட்டால் ஒரு கொத்தை அவன் கையாலேயே வெட்டட்டும். சின்னவள் ஒதுங்கி நின்றால் விட்டுவிடுங்கள். இரவில் பருத்தித் தொப்பி போட்டுக்கொண்டால் உதிர்ந்த முடி பிள்ளைகளின் கம்பளியில் ஒட்டாது. மார்கழிக் குளிருக்குக் கம்பளித் தொப்பியை நேராகப் போட்டால் வெறுந்தலை அரிக்கும். உள்ளே பருத்தி, மேலே கம்பளி. ஆனால் வீட்டுக்குள் எப்போதும் மூடியே இருக்காதீர்கள். தொட்டுப் பார்க்கணுமா என்று கேளுங்கள்.

பெரியவனின் வகுப்பு டீச்சரிடம் மகனை ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். பள்ளி கேட்டில் உங்களைப் பார்த்த பிள்ளைகள் அவனைத்தான் துளைப்பார்கள்.

கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் பூனைமுடிபோல முளைக்கும். அப்புறம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். முன்பு நேராக இருந்த முடி சுருட்டையாகவோ நரையாகவோ வரலாம். பழையபடியே வரும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.