ஃபேஸ்புக்கில் எனக்கு இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பழையதை எப்படி நீக்குவது? நீக்காமல் அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்?

நீங்களும் என்னைப் போலத்தான் பாஸ்வேர்டை மறந்து, சலித்துப்போய் இரண்டாவது கணக்கைத் திறந்திருப்பீர்கள். இரண்டு கணக்கு என்றாலே ஒரு மாதிரி பார்க்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என்னுடைய இரண்டிலும் என் பெயர்தான், என் முகம்தான். இரண்டிலும் ஒரே பைக் மேல் சாய்ந்து நிற்கும் போட்டோதான். அந்தப் போட்டோவால் ஒரு வம்பு வந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

'அப்படியே விட்டால் என்ன' என்ற கேள்விதான் என்னை எழுத வைத்தது. ஆறு வருடம் நானும் அப்படியேதான் விட்டிருந்தேன்.

ஓசூரில் என் ஒன்றுவிட்ட சித்தப்பா இருக்கிறார். போன வருடம் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்தார். அவசரமாக நாள் குறித்ததால் எல்லோருக்கும் போனில்தான் அழைப்பு. என் பழைய நம்பருக்கு அடித்திருக்கிறார், யாரோ ஒரு அம்மா எடுத்து 'ராங் நம்பருங்க' என்றிருக்கிறார். சரி என்று ஃபேஸ்புக்கில் என் பெயரைத் தேடி, பைக் போட்டோவைப் பார்த்து, மெசஞ்சரில் பத்திரிகையை அனுப்பிவிட்டார். அனுப்பியது பழைய கணக்குக்கு.

எனக்கு விஷயமே தெரியாது. விசேஷம் முடிந்து பத்து நாள் கழித்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மொய்க்கவரோடு ஓசூர் போனேன். சித்தி கவரை வாங்கிக்கொண்டு காபி கொடுத்தார். சித்தப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மட்டும் 'பெரிய ஆளாயிட்டே, ஒரு வார்த்தை பதில் போட முடியல' என்றார். போனை எடுத்து இது பழைய கணக்கு, அது புதுக்கணக்கு என்று விளக்கினேன். அறுபத்தெட்டு வயது மனிதரிடம் அது எடுபடுமா?

அன்றைக்கே அதை ஒழித்துக்கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் உள்ளே போனால்தானே ஒழிக்க முடியும்? பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் குறியீடு அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகிறது.

அந்த நம்பர் போன கதை தனிக்கதை. ஒன்பது வருடம் வைத்திருந்த நம்பர். ஒரு காலத்தில் வாழ்நாள் வேலிடிட்டி என்று சொல்லித்தான் சிம்மை விற்றார்கள். அப்புறம் மாதாமாதம் ரீசார்ஜ் செய்தால்தான் இன்கமிங்கே வரும் என்றாகிவிட்டது. அந்த மாதமும் முழு மாதம் இல்லை, 28 நாள்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 13 ரீசார்ஜ். பன்னிரண்டு மாதத்தைப் பதின்மூன்றாக்கிய மகானுக்கு யாராவது சிலை வைக்க வேண்டும். பேசாத சிம்முக்கு ஏன் தண்டம் என்று நான் விட்டுவிட்டேன். துண்டித்த நம்பரை 90 நாளாவது கழித்துத்தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கப்புறம் அது ராசிபுரத்தில் ஒரு அம்மாவுக்குப் போய்விட்டது.

அந்த அம்மாவுக்கு நானே போன் செய்தேன். திட்ட வேண்டாம், வேறு வழி தெரியவில்லை. 'அம்மா, இது முன்னாடி என் நம்பர். இப்ப ஒரு ஆறு நம்பர் மெசேஜ் வரும், அதை மட்டும் சொல்றீங்களா?' என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் பேசியது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே உறைத்தது. அவர் நிதானமாக, 'ஏனுங்க தம்பி, ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போன்லயே சொல்றாங்களே, நீங்க கேக்கலீங்களா?' என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. பிளாக் செய்திருப்பார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி.

பயம் வந்ததும் அப்போதுதான். அந்த அம்மா நல்லவர். அதே நம்பர் வேறு மாதிரி ஆளிடம் போயிருந்தால்? எனக்கு வராத குறியீடு அவருக்கு வந்திருக்கும். என் பெயரில், என் போட்டோவோடு, சித்தப்பாவிடமே 'அவசரம், பத்தாயிரம் அனுப்புங்க' என்று கேட்டிருக்கலாம். பூட்டிய வீடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சாவி ராசிபுரத்தில் இருக்கிறது.

கடைசியில் வழி கிடைத்தது அக்கா வீட்டில். நான் பழைய டேப் ஒன்றை அக்கா பையனுக்குக் கொடுத்திருந்தேன், அதில் அவன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி மூலையில் விரிசல், திரை முழுக்கப் பிஸ்கட் தூள். அதன் குரோமில் செட்டிங்ஸுக்குள் போனால் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. ஃபேஸ்புக்கைத் தொட்டேன், வந்துவிட்டது. பைக் நம்பர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. இதைத்தான் ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்களும் பழைய போன், டேப், ஆபீஸ் கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உள்ளே போனதும் முதல் வேலையாகப் பழைய நம்பரை எடுத்துவிட்டு இப்போதைய நம்பரைச் சேர்த்தேன். அடுத்து, பழைய போட்டோக்களை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதற்கென்றே ஃபேஸ்புக்கில் ஒரு வசதி இருக்கிறது. என்னுடையதில் பாதிக்கு மேல் 2010, 2011 காலத்து 'டீ குடிக்கிறேன்' வகைப் பதிவுகள். அவை போனால் நாட்டுக்கு நல்லது. ஆனால் அப்புச்சி தோட்டத்தில் எடுத்த நாலு படங்கள் வேறு எங்கேயும் இல்லை.

நீக்கும் இடம்: செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதில் பர்சனல் டீட்டெயில்ஸ், அதற்குள் அக்கவுண்ட் ஓனர்ஷிப் அண்ட் கன்ட்ரோல். அங்கே டீஆக்டிவேட், டெலீட் என்று இரண்டு இருக்கும். டீஆக்டிவேட் என்பது கதவைச் சாத்துவது மாதிரி, எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். உங்களுக்கு வேண்டியது டெலீட். இரண்டு கணக்குகளையும் ஒரே அக்கவுண்ட்ஸ் சென்டரில் சேர்த்திருந்தால் எதை நீக்குகிறீர்கள் என்று பார்த்துத் தொடுங்கள். இங்கேதான் பைக் போட்டோ காலை வாரியது. டேப்பில் புதுக்கணக்கையும் திறந்து வைத்திருந்தேன், கிட்டத்தட்ட அதையே நீக்கப் போய்விட்டேன். நண்பர்கள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் சுதாரித்தேன்.

டெலீட் கொடுத்தால் உடனே போய்விடாது. 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் உள்ளே நுழைந்தால் நீக்கத்தை ரத்து செய்துவிடலாம். அதற்குப் பிறகும் அவர்கள் கிடங்கிலிருந்து எல்லாம் அழிய 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் அடுத்தவருக்கு அனுப்பிய மெசேஜ்கள் அவரவர் இன்பாக்ஸில் அப்படியேதான் இருக்கும், அவை அழியும் என்று எண்ணி யாரும் கனவு காண வேண்டாம்.

அந்த 30 நாள் எனக்கு உதவியது வேறொரு விஷயத்துக்கு. நீக்கி நாலைந்து நாளில் ஊரிலிருந்து பசங்க போன் செய்தார்கள், 'அண்ணா, நம்ம டீம் பேஜைக் காணோம்' என்று. எங்கள் ஊர் கிரிக்கெட் டீமுக்கு நான்தான் பழைய கணக்கிலிருந்து பேஜ் ஆரம்பித்திருந்தேன். சுத்தமாக மறந்துபோயிற்று. ஒரு பேஜுக்கு முழுப் பொறுப்பு நம் ஒருவரிடம் மட்டும் இருந்தால், நம் கணக்கோடு பேஜும் போய்விடும். அலறியடித்துக்கொண்டு உள்ளே போய் ரத்து செய்தேன். டீம் பையன் ஒருவனுக்கு முழுப் பொறுப்பையும் கொடுத்துவிட்டு மறுபடி டெலீட் கொடுத்தேன். நீக்கும்போதே அங்கே எச்சரிக்கை போட்டிருப்பார்களே, படிக்கவில்லையா என்று கேட்பீர்கள். படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். இதே போல, வேறு ஏதாவது செயலியில் 'ஃபேஸ்புக் மூலம் நுழைக' என்று கொடுத்திருந்தால் அதையும் முதலில் மாற்றிவிடுங்கள்.

டேப்பிலும் வெளியேறிவிட்டேன், சேமித்த பாஸ்வேர்டையும் அழித்துவிட்டேன். இல்லாவிட்டால் அக்கா பையன் கார்ட்டூன் தேடும்போது கை பட்டு என் கணக்கை உயிர்ப்பித்துவிடுவான்.

இப்போது என் பெயரில் தேடினால் ஒரே ஒரு பைக் போட்டோதான் வருகிறது. போன மாதம் சித்தப்பாவிடமிருந்து நட்பு அழைப்பு வந்தது. உடனே ஏற்றுக்கொண்டேன். மறுநாள் சித்தப்பாவிடமிருந்தே இன்னொன்று வந்தது, அதே வேட்டி சட்டை, அதே கிரகப்பிரவேசப் போட்டோ. எதில் மெசேஜ் போடுவார் என்று தெரியாததால் அதையும் ஏற்றுக்கொண்டேன்.